சின்னத்தைக் கழற்றி வைத்தால் எத்தனை ஓட்டு மிஞ்சும்?

"அந்த ஆளுக்கு என்ன சின்னம் கண்ணு?"

பெருந்துறைப் பக்கம் இருக்கும் என் அம்முச்சி கேட்ட கேள்வி இது. 'அந்த ஆள்' யார் தெரியுமா? லண்டன்காரர் ஜெரமி கார்பின்!

நடந்தது இதுதான். கட்சியை விட்டு வெளியேற்றப்பட்ட பிறகு சுயேச்சையாக நின்று ஜெயித்த அந்த பிரிட்டிஷ் அரசியல்வாதியைப் பற்றி ஒரு சின்ன செய்தி எழுதச் சொல்லி டெஸ்க்கில் எனக்கு வேலை வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன இடத்தில், திண்ணையில் உட்கார்ந்து போனிலேயே டைப் செய்துகொண்டிருந்தேன். "என்னத்த கண்ணு, அந்தப் போனுக்குள்ளயே குடியிருக்கறே?" என்று அம்முச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சரி, கதையாகச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

கார்பின் 1983-ல் லண்டனின் இஸ்லிங்டன் நார்த் தொகுதியில் லேபர் கட்சி சார்பில் முதன்முறையாக எம்.பி. ஆனவர். அதன் பிறகு அங்கே அவர் தோற்றதே இல்லை. 2015-ல் கட்சிக்கே தலைவரானார். 2017, 2019 என இரண்டு பொதுத்தேர்தல்களிலும் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் தலைமைப் பதவியை விட்டு விலகினார். 2020 அக்டோபரில், கட்சிக்குள் இருந்த யூத வெறுப்பு பற்றி விசாரணை அறிக்கை வந்தது. அதற்கு அவர் சொன்ன பதிலால் கட்சி அவரைச் சஸ்பெண்ட் செய்தது. கட்சி உறுப்பினர் என்ற அட்டை கொஞ்ச நாளில் திரும்பக் கிடைத்தாலும், நாடாளுமன்றக் கட்சிக்குள் அவரைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 2023-ல், 'அடுத்த தேர்தலில் உங்களுக்கு சீட் கிடையாது' என்று கதவைச் சாத்தினார்கள்.

75 வயது. 41 வருட எம்.பி. வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். மனுஷன் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார்.

2024 ஜூலை 4 அன்று தேர்தல். நாடு முழுக்க லேபர் அலை. 400 இடங்களைத் தாண்டி ஜெயித்தது அந்தக் கட்சி. ஆனால் இஸ்லிங்டன் நார்த்தில் கட்சி வேட்பாளர் தோற்றார். கார்பின் வாங்கியது 24,120 ஓட்டு. வித்தியாசம் 7,247.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும்தான் அம்முச்சி சின்னம் கேட்டார்.

"சின்னமே இல்லீங்க அம்முச்சி. அங்கே சுயேச்சைக்குச் சின்னம் கிடையாது. பேருக்குப் பக்கத்துல 'சுயேச்சை'ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்."

"சின்னமில்லாம எப்படிக் கண்ணு ஓட்டுப் போடறது?"

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நம் ஊர் அரசியலில் பாதி விளங்கிவிடும்.

நம்ம பெருந்துறையில் நடந்தது

லண்டன் வரைக்கும் போவானேன்? அம்முச்சி வீட்டுத் தொகுதியிலேயே ஒரு கதை இருக்கிறது.

தோப்பு வெங்கடாசலம். 2011-ல் பெருந்துறையில் இரட்டை இலையில் ஜெயித்து, ஜெயலலிதா அமைச்சரவையில் வருவாய்த் துறை, பிறகு சுற்றுச்சூழல் துறை என்று அமைச்சராக இருந்தவர். 2016-லும் அதே தொகுதியில் அதே சின்னத்தில் ஜெயித்தார். அமைச்சர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் வேட்பாளர் பட்டியல் வந்தபோது பெருந்துறைக்கு நேராக எஸ்.ஜெயக்குமார் பெயர் இருந்தது.

பத்து வருட எம்.எல்.ஏ., முன்னாள் அமைச்சர், உள்ளூர்க்காரர். கட்சி மறுத்த சீட்டை மக்களிடமே கேட்கிறேன் என்று சுயேச்சையாக நின்றார். கட்சி அவரை நீக்கியது. மே 2 அன்று பெட்டி திறந்தபோது, இரட்டை இலையில் நின்ற ஜெயக்குமார் 14 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். தோப்பு வெங்கடாசலத்துக்கு டெபாசிட் கிடைக்கவில்லை. அதே ஜூலையில் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார்.

இதை ஒரு தனி மனிதரின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2011, 2016, 2021 என மூன்று சட்டமன்றப் பொதுத்தேர்தல்களிலும் ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை. 2006-ல் ஜெயித்தவர் ஒரே ஒருவர், தளி தொகுதியில் டி.ராமச்சந்திரன். அவரும் பிறகு 2011-லும் 2021-லும் இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளராகத்தான் அதே தளியில் ஜெயித்தார். இத்தனைக்கும் 1952 தேர்தலில் பழைய சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 62 சுயேச்சைகளை அனுப்பியவர்கள் நாம்!

அப்படியென்றால் இங்கே ஆளுக்கு ஓட்டே இல்லையா, எல்லாம் சின்னத்துக்குத்தானா?

இலையும் ஒரு காலத்தில் புதுசுதான்

இலை என்றால் கொங்கு, கொங்கு என்றால் இலை என்று டிவி விவாதங்களில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அந்த இலையே ஒரு காலத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் தேர்தல் அதிகாரியின் பட்டியலில் கிடந்த சின்னம்தான். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். கட்சி ஆரம்பித்தார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தல். வேட்பாளர் மாயத்தேவர். கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது, சொந்தச் சின்னம் கிடையாது. சுயேச்சைகளுக்கு இருந்த சின்னங்களில் இருந்து மாயத்தேவர் தேர்ந்தெடுத்ததுதான் இரட்டை இலை. ஜெயித்தார். மற்றது உங்களுக்கே தெரியும்.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி 1989-ல். எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு கட்சி இரண்டாக உடைந்து, இரட்டை இலை முடக்கப்பட்டது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. சேவலில் நின்றவர்கள் 27 பேர் ஜெயித்தார்கள். அவர்களில் ஒருவர் கோபிசெட்டிபாளையத்தின் கே.ஏ.செங்கோட்டையன். 1977-ல் சத்தியமங்கலத்தில் ஆரம்பித்து 2021 வரை ஒன்பது முறை எம்.எல்.ஏ. ஆனவர். எட்டு முறை இலை, ஒரு முறை சேவல்.

ஆக, இலை இல்லாமலும் கோபியில் ஜெயிக்க முடிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சேவலுக்குப் பின்னால் ஜெயலலிதா இருந்தார். சின்னம் மாறினாலும் 'நாங்கள் அவங்க ஆளு' என்று சொல்ல ஓர் அணி இருந்தது. தனியாக நின்று சேவலைக் கூவ வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கதை.

பெரிய பெயர்களின் கதையும் இதேதான். 2017 டிசம்பர் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி.தினகரன் குக்கர் சின்னத்தில் 89,013 ஓட்டு வாங்கி, இரட்டை இலை வேட்பாளரை 40,707 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் மூன்று முறை முதல்வராக இருந்த ஓ.பன்னீர்செல்வம் பலாப்பழம் சின்னத்தில் 3,42,882 ஓட்டு வாங்கி இரண்டாம் இடம் வந்தார். அ.தி.மு.க. அங்கே மூன்றாம் இடம். இரண்டு பேரும் காகிதத்தில் சுயேச்சைகள். ஆனால் ஒருவருக்குப் பின்னால் ஒரு தனி அணியே இருந்தது, இன்னொருவருக்கு பா.ஜ.க. கூட்டணி ஆதரவு இருந்தது.

கார்பினும் சும்மா ஆளில்லை. ஒரு கட்சியின் முன்னாள் தலைவர், நாடறிந்த முகம். ஆனால் அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. பிரிட்டனில் ஒரு எம்.பி. தொகுதிக்குச் சராசரியாக 70 ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள். 41 வருடத்தில் தெருத் தெருவாகக் கதவு தட்டி முடித்துவிடலாம். நம் ஊரில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கே இரண்டு லட்சத்துக்கு மேல். மக்களவைத் தொகுதி என்றால் பதினைந்து லட்சத்தை நெருங்கும்.

மொடக்குறிச்சியின் 1,033 பேர்

சுயேச்சை என்றதும் எங்கள் ஈரோடு மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே ஞாபகம் வருவது வேறொரு விஷயம். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் நின்ற வேட்பாளர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1,033! தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக வந்தது.

அம்முச்சியின் தங்கச்சி வீடு அந்தப் பக்கம்தான். "புஸ்தகத்தைக் குடுத்து, இதுல ஒன்னுல குத்துன்னாங்களாமா! பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அவ கை வலிச்சுப் போச்சாம்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

கடைசியில் ஜெயித்தது தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஓர் ஓட்டுகூட விழவில்லை. அதாவது, தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். அவர்கள் நின்றது ஜெயிக்க அல்ல, கேட்க வைக்க.

கேட்டதோ இல்லையோ, சட்டம் மாறியது. அப்போது சட்டமன்றத் தேர்தலுக்கு டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே 1996-ல் அது 5,000 ஆனது. பிறகு 10,000, மக்களவைக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சையை அதே தொகுதியின் பத்து வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். கூட்டம் குறைய வேண்டும் என்பதற்காக வந்த விதிகள். நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வேலி போட்டால் ஆடு மட்டுமா நிற்கும்? மாடும்தான் நிற்கும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, டெபாசிட் திரும்பக் கிடைக்க இங்கே செல்லத்தக்க ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். பிரிட்டனில் 5 சதவீதம் போதும்.

இரண்டு, கால அவகாசம். கட்சிச் சின்னம் வருஷம் முழுக்கச் சுவரில் இருக்கும். சுயேச்சைக்கு மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சின்னம் ஒதுக்குவார்கள். அதில் இருந்து வாக்குப்பதிவுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். அதற்குள் இரண்டு லட்சம் பேருக்கு 'என் சின்னம் இது' என்று சொல்லியாக வேண்டும். மெஷினிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் மேலே, பதிவு பெற்ற சிறிய கட்சிகள் நடுவில், சுயேச்சைகள் கடைசியில். ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் மட்டும் ஆறு பேர் நின்றார்களே, அந்தக் குழப்பத்தை எல்லாம் தாண்டித்தான் பலாப்பழம் மக்களிடம் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஜெயித்த பிறகு என்ன ஆகும்?

எனக்குப் பெரிய ஆச்சரியம் தந்தது இந்த இடம்தான். கார்பின் 2020-ல் இருந்து 2024 வரை கிட்டத்தட்ட நான்கு வருடம் சுயேச்சை எம்.பி.யாகவே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தார். பதவி போகவில்லை. கட்சியில் இருந்த காலத்திலேயே கட்சிக் கட்டளையை மீறி நூற்றுக்கணக்கான முறை ஓட்டுப் போட்டவர். அதற்காகவும் எம்.பி. பதவி போகவில்லை. அங்கே பதவி கொடுப்பது தொகுதி, எடுப்பதும் தொகுதி.

நம்மிடம் 1985-ல் இருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் தானாகக் கட்சியை விட்டால் பதவி போகும். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டு, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டாலும் பதவி போகலாம். சரி, கட்சியே நீக்கிவிட்டால்? அதற்கும் பதில் சொன்னது ஒரு தமிழ்நாட்டு வழக்குதான். அ.தி.மு.க.வில் இருந்து நீக்கப்பட்ட ஜி.விஸ்வநாதன் தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம்: நீக்கப்பட்டாலும், எந்தக் கட்சி சார்பில் ஜெயித்தீர்களோ அந்தக் கட்சிக்காரராகத்தான் சட்டம் உங்களைப் பார்க்கும், வேறு கட்சியில் சேர்ந்தால் பதவி காலி.

சமீபத்திய உதாரணம் கோபி. 2025 அக்டோபர் 31 அன்று செங்கோட்டையன் அ.தி.மு.க.வில் இருந்து நீக்கப்பட்டார். நவம்பர் 26 அன்று எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார். மறுநாள் விஜய் முன்னிலையில் த.வெ.க.வில் சேர்ந்தார். அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ராஜினாமா, அப்புறம்தான் புதுக் கட்சி. ஒன்பது முறை ஜெயித்தவராக இருந்தாலும் சட்டத்துக்கு அவர் கட்சியின் ஆள்தான்.

சுயேச்சைக்கும் கட்டு உண்டு. சுயேச்சையாக ஜெயித்தவர் அந்தப் பதவிக்காலத்தில் ஒரு கட்சியில் சேர்ந்தால் பதவியை இழப்பார். காரணம் இருக்கிறது. 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. பதினைந்து நாளுக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்ற கிண்டல் அவரை வைத்துத்தான் பிறந்தது. அவர் தேர்தலில் ஜெயித்ததே சுயேச்சையாகத்தான்!

இந்தச் சட்டம் இல்லையென்றால் எம்.எல்.ஏ.க்களைச் சந்தையில் மாடு பிடிப்பதுபோல் பிடிப்பார்கள் என்பது உண்மை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாயக்கழிவு, சிப்காட், வாய்க்கால் தண்ணீர் என்று நம் ஊர்ப் பிரச்னை ஒன்று சட்டமன்றத்தில் ஓட்டெடுப்புக்கு வருகிறது. கட்சி ஒரு பக்கம், தொகுதி இன்னொரு பக்கம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் எம்.எல்.ஏ. தொகுதி பக்கம் நின்றால் பதவிக்கே ஆபத்து. விலைக்குப் போகிறவரையும் மனசாட்சிப்படி நிற்கிறவரையும் இந்தச் சட்டம் ஒரே கயிற்றில்தான் கட்டுகிறது. ஆட்சியைக் கவிழ்க்கும் ஓட்டெடுப்புக்கும் பட்ஜெட்டுக்கும் மட்டும் கொறடா போதாதா? மற்ற விஷயங்களில் நம் ஆளை நம் பேச்சைக் கேட்க விட்டால் என்ன? பிரிட்டனைப் பார்த்து எனக்கு வந்த கேள்வி இது.

அடுத்த முறை உங்கள் தொகுதியில் ஒரு சுயேச்சை கும்பிட்டுக்கொண்டு வந்தால், 'ஜெயிக்கவா போறார்?' என்று சிரிப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கட்சி சீட் கொடுத்திருந்தால் இதே குறையைச் சொல்லியிருப்பீர்களா? ஐந்து வருடம் தனியாகவே இருந்து என்ன செய்ய முடியும் என்று யோசித்திருக்கிறீர்களா? தோற்றால் அடுத்த மாதம் எங்கே இருப்பீர்கள்? சொத்து, வழக்கு விவரங்களைக் கேட்கவே வேண்டாம். சுயேச்சை உட்பட எல்லா வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரமும் தேர்தல் ஆணையத்தின் ஆப்பில் இருக்கும். ஐந்து நிமிஷ வேலை.

அம்முச்சி சொன்னது

இதையெல்லாம் எழுதி முடித்து, கொஞ்சம் கர்வத்தோடு அம்முச்சியிடம் சொன்னேன். "பார்த்தீங்களா, சின்னத்தை எடுத்துட்டு வெறும் பேரு மட்டும் வெச்சா, ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவோம். அதுதான் சரி."

அம்முச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இருந்தார்.

"நீ படிச்சிருக்கே கண்ணு. எங்கப்பன் பசங்களை மட்டும்தான் பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனாரு. பேரை மட்டும் போட்டிருந்தா நான் யார்கிட்டயாவது கேட்டுத்தான் குத்தியிருக்கோணும். அப்புறம் அது என் ஓட்டா, கேட்டவன் ஓட்டா?"

எனக்குச் சுருக்கென்றது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18 சதவீதம்தான். அந்த நாட்டில் முதல் பொதுத்தேர்தல் நடத்தியபோது ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். படிக்காத கோடிக்கணக்கான பேர் யாரையும் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் ஓட்டுப் போட அதுதான் வழி. நான் மாட்டுக் கொட்டகைச் சுவரில் பார்த்துச் சலித்த அந்தப் படம்தான் அம்முச்சிக்கு எழுத்து.

2015-க்குப் பிறகு மெஷினில் வேட்பாளர் போட்டோவும் இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன்.

"அது தெரியும். போன தடவை கண்ணாடி போட்டுட்டுப் போயி, முதல்ல மூஞ்சிய எல்லாம் வரிசையாப் பார்த்தேன். அப்புறம்தான் சின்னத்தைப் பார்த்தேன்."

"யாருக்குங்க அம்முச்சி போட்டீங்க?"

"கீரை ஆய வர்றியா, இல்ல அந்தப் போனையே நோண்டிட்டு இருக்கறயா?" என்று முறத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

(அடுத்த வாரம் பார்ப்போம்!)